32 குன்றிமணி

என் தாத்தா பத்தர். கும்பகோணத்தில் ஒரு சந்துக்குள் அவருடைய பட்டறை இருந்தது. பட்டறை என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். உமி அடுப்பு, ஊதுகுழல், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு, ஒரு மர டப்பா நிறையக் குன்றிமணி, அவ்வளவுதான். கிராம் படிக்கற்கள் புழக்கத்துக்கு வந்து பல வருடங்கள் ஆன பிறகும் அந்த டப்பாவை அவர் தூக்கிப் போடவில்லை. பழைய நகையை மாற்ற வருகிற பெண்களிடம், தராசு முள் நிற்பதற்கு முன்பே "தேஞ்சிருக்கும்மா" என்பார். "அதெப்படி பத்தரே, போன தடவை நீங்கதானே நிறுத்துக் குடுத்தீங்க?" என்று சண்டைக்கு வருவார்கள். தாத்தா பதில் சொல்ல மாட்டார். சங்கிலியைக் கையில் உருட்டிப் பார்த்து, அது எத்தனை வருஷம் கழுத்தில் கிடந்தது என்று குத்துமதிப்பாக ஒரு கணக்குச் சொல்வார். பாதி நேரம் சரியாக இருக்கும்.

இதே வேலையை, இதே குன்றிமணிக் கணக்கை வைத்துக்கொண்டு, ஒரு கணிதப் பேராசிரியர் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய வெள்ளிக்காசுகளில் செய்து பார்த்திருக்கிறார் என்பது முப்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது. தாமோதர் தர்மானந்த கோசாம்பி. டி.டி. கோசாம்பி என்றால் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். புத்தகச் சந்தைகளில் இடதுசாரிப் பதிப்பகங்களின் கடைகளில் அவருடைய பண்டைய இந்தியா பற்றிய நூலின் தமிழாக்கம் எப்போதும் ஒரு ஓரத்தில் இருக்கும். நானும் அப்படித்தான் வாங்கினேன். வரலாற்றாசிரியர் என்று நினைத்துத்தான் வாங்கினேன்.

சில மாதம் கழித்து, நெல் ஆராய்ச்சியில் இருக்கும் என் சிநேகிதியிடம் பேச்சுவாக்கில் இந்தப் பெயரைச் சொன்னேன். "கோசாம்பியா? மேப் ஃபங்ஷன்தானே? தினமும் அவர் முகத்துலதான் முழிக்கிறோம்" என்றாள். எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். ஒரே குரோமோசோமில் இருக்கும் இரண்டு மரபணுக்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதை நேரடியாக அளக்க முடியாது. அவை சந்ததியில் எவ்வளவு அடிக்கடி பிரிந்து போகின்றன என்பதிலிருந்து கணக்குப் போட வேண்டும். அதற்கு ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் மரபியலாளர் 1919இல் ஒரு சூத்திரம் கொடுத்தார். குரோமோசோமில் ஓரிடத்தில் முறிவு நடந்தால் பக்கத்தில் இன்னொரு முறிவு நடப்பது குறையும் என்பதை அந்தச் சூத்திரம் கணக்கில் எடுக்கவில்லை. 1944இல் அதைச் சேர்த்துச் சூத்திரத்தைத் திருத்தியவர் கோசாம்பி. நாலு பக்கக் கட்டுரை. இன்றைக்கும் பயிர் மரபியல் மென்பொருள்களில் ஹால்டேனா, கோசாம்பியா என்று கேட்டுத்தான் அடுத்த படிக்கு விடுகிறார்களாம். அவர் வரலாறு எழுதினார் என்பது அவளுக்குத் தெரியாது. அவர் மரபியலில் கைவைத்தார் என்பது எனக்குத் தெரியாது. ஒரே ஆளை இரண்டு பேரும் வேறு வேறு கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விஞ்ஞானியாக இருந்து எழுத்தாளர் ஆனவர் என்று ஒரு வகை உண்டு. ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து, கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பேனாவை எடுப்பவர்கள். கோசாம்பியை அந்த வகையில் சேர்ப்பது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் எதையும் கழற்றி வைக்கவில்லை. தராசைக் கையில் பிடித்துக்கொண்டே அடுத்த அறைக்குள் போனார், அங்கிருந்து அதற்கடுத்த அறைக்கு. எங்கே தராசைக் கீழே வைத்தாரோ அங்கே சறுக்கினார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அப்பா. கோசாம்பியின் கதையை அவர் அப்பாவை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. தர்மானந்த கோசாம்பி கோவாக்காரர். புத்தரைப் பற்றி ஏதோ படித்துவிட்டு, புத்தம் என்றால் என்னவென்று தெரிந்தே ஆக வேண்டும் என்று மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டு 1899இல் வீட்டைவிட்டுக் கிளம்பியவர். பிச்சையெடுத்துச் சமஸ்கிருதம் படித்தார். கொழும்புக்குப் போய் வித்யோதயப் பிரிவேனா என்ற பௌத்தக் கல்விக்கூடத்தில் பாலி படித்தார், பர்மாவுக்கும் போனார். பல வருடம் கழித்துக் குடும்பத்தோடு சேர்ந்தார். அதற்குப் பிறகு, 1907 ஜூலை 31 அன்று பிறந்த பையன்தான் நம்முடையவர். பாலி நூல் ஒன்றைப் பதிப்பிக்க அப்பாவை ஹார்வர்டு பல்கலைக்கழகம் அழைத்தபோது, 11 வயதில் பையனும் கூடப் போனான்.

தர்மானந்தரின் முடிவும் அவரைப் போலவே இருந்தது. உடல் தளர்ந்த பிறகு இனி யாருக்கும் பயன்பட மாட்டோம் என்று தோன்றியதும், சாப்பாட்டை நிறுத்தி, 1947 ஜூனில் சேவாகிராமத்தில் உயிர் விட்டார். காந்தி தன் பிரார்த்தனைக் கூட்டத்தில் அவரைப் பற்றிப் பேசினார். இப்படி ஒரு அப்பாவுக்குப் பிள்ளையாகப் பிறந்து, கடவுளையும் துறவையும் நம்பாத மார்க்சியராக ஆவது எவ்வளவு சிரமம் என்று யோசித்திருக்கிறேன். அல்லது எவ்வளவு சுலபம். ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் கால்நடையாகக் கிளம்பிவிட வேண்டும் என்பது மட்டும் குடும்பச் சொத்தாக இறங்கியிருக்கிறது.

ஹார்வர்டில் 1929இல் உயர் சிறப்புத் தகுதியோடு பட்டம் வாங்கினார். முனைவர் பட்டம் எடுக்கவில்லை, கடைசி வரைக்கும். ஊர் திரும்பி முதலில் காசி இந்துப் பல்கலைக்கழகம், அப்புறம் அலிகார். அலிகாரில் அப்போது இருபத்து நாலு இருபத்தைந்து வயது பிரெஞ்சுக் கணிதர் ஆந்த்ரே வெய் கணிதத் துறைக்குத் தலைவராக இருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு குறும்பு செய்தார்கள். கோசாம்பி ஒரு கட்டுரை எழுதி, அதில் இருக்கும் தேற்றத்தை போர்பாக்கி என்ற, இல்லாத ஒரு ரஷ்யக் கணிதரின் தலையில் கட்டி, ஐக்கிய மாகாண அறிவியல் கழகத்தின் இதழில் அச்சேற்றிவிட்டார். யோசனை வெய்யுடையது. பிற்பாடு பிரெஞ்சுக் கணிதர்கள் கூட்டமாகச் சேர்ந்து அதே போர்பாக்கி பெயரில் புத்தகம் புத்தகமாக எழுதி நவீனக் கணிதத்தின் முகத்தையே மாற்றினார்கள். அந்தப் பெயர் முதன்முதலாக ஓர் ஆய்விதழில் ஏறியது, அந்தக் கழகத்தின் இதழ் வெளிவந்த அலகாபாத்தில். இதைக் கணிதம் படித்தவர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

அதன் பிறகு புனே, ஃபெர்குசன் கல்லூரி. 1945 வரைக்கும் அங்கே ஆசிரியர். தராசு அங்கேதான் வருகிறது.

புள்ளியியலைத் தானாகக் கற்றுக்கொள்ள அவருக்கு ஒரு நிஜமான கணக்கு தேவைப்பட்டது. பாடப்புத்தகக் கணக்கு போதாது. கையில் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஏதாவது வேண்டும். முத்திரைக் காசுகளைப் பிடித்தார். மௌரியர் காலத்துக்கும் முன்பிருந்தே வடஇந்தியாவில் புழங்கிய வெள்ளிக் காசுகள் அவை. ராஜா முகம் இருக்காது, எழுத்து இருக்காது. வெள்ளித் தகட்டை வெட்டி, எடையைச் சரிசெய்ய மூலைகளைக் கத்தரித்து, முன்பக்கம் ஐந்து சின்னங்களைக் குத்தியிருப்பார்கள்: சூரியன், மலை, மரம், யானை என்று. எந்த அரசன், எந்த ஆண்டு, எதுவும் தெரியாது. அதுவரை ஆராய்ந்தவர்கள் சின்னங்களை வைத்து ஊகம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காசின் எடை 32 ரத்தி, ஏறத்தாழ 3.5 கிராம். ரத்தி என்றால் வேறொன்றுமில்லை, நம்ம குன்றிமணிதான்.

கோசாம்பி சின்னங்களைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு எடையைப் பார்த்தார். அவர் யோசனை இதுதான். நாணயச் சாலையிலிருந்து வரும்போது எல்லாக் காசும் ஏறக்குறைய ஒரே எடையில் இருக்கும். கைமாறக் கைமாறத் தேயும். ஒவ்வொரு கையும் கொஞ்சம் கொஞ்சம் வெள்ளியை எடுத்துக்கொள்ளும். ஆகவே காலம் ஆக ஆகச் சராசரி எடை சீராகக் குறையும். அதோடு காசுக்குக் காசு வித்தியாசமும் கூடும், ஏனென்றால் ஒரு காசு சந்தையில் தினமும் சுற்றும், இன்னொன்று பானைக்குள் தூங்கும். இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் தாத்தாவின் குத்துமதிப்பு பிடிக்காது. அவர் ஒரு சங்கிலியைப் பார்ப்பார், ஆயிரம் சங்கிலியை ஒன்றாக வைத்துப் பார்க்க மாட்டார். கோசாம்பி ஆயிரக்கணக்கில் பார்த்தார். கோட்பாடு சரியா என்று சோதிக்கத் தன் காலத்தில் சட்டைப்பையில் புழங்கிய காசுகளையும் ஆயிரக்கணக்கில் எடைபோட்டார். ஒரு கணிதப் பேராசிரியர் சில்லறை வாங்கி வாங்கித் தராசில் போடுவதை அக்கம்பக்கத்தில் என்ன நினைத்திருப்பார்களோ.

இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் தட்சசீலத்தின் பீர் மேட்டில் 1924இல் ஒரு புதையல் கிடைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள். அவற்றோடு அலெக்சாந்தரின் காசு இரண்டு, அவருக்குப் பின் வந்த பிலிப்புடைய காசு ஒன்று, அச்சிட்ட பளபளப்பு மாறாமல். ஆகவே புதையல் புதைக்கப்பட்ட காலம் கி.மு. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று தெரிந்துவிட்டது. அந்தப் புதையலின் காசுகளைச் சின்னங்களின்படி கூட்டம் கூட்டமாகப் பிரித்து எடை பார்த்தால், எந்தக் கூட்டம் முந்தியது எது பிந்தியது என்று வரிசை வந்தது. இன்னொன்றையும் கவனித்தார். காசின் பின்பக்கம் சின்னச் சின்ன முத்திரைகள் உண்டு. வணிகர்கள் காசைச் சோதித்துவிட்டு, சரிதான் என்று குத்திய அடையாளங்கள் அவை. பின்பக்க முத்திரைகள் கூடக் கூட எடை குறைந்துகொண்டே போனது. காசு எத்தனை முறை கைமாறியது என்பதைக் காசே தன் முதுகில் எழுதி வைத்திருந்தது.

இதைப் படித்த வேகத்தில் நானும் ஒரு சோதனை செய்தேன். பாட்டி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் 25 பைசாக் காசுகளைச் சேர்த்து வைத்திருந்தார். 2011 ஜூன் கடைசியோடு அவை செல்லாமல் போய்விட்டன. அதில் செப்பு-நிக்கல் காசுகளை மட்டும் பொறுக்கி, நூறில் ஒரு கிராம் காட்டும் சின்ன மின்தராசு ஒன்று வாங்கி, ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து எடைபோட்டேன். புதிதாக வந்தபோது 2.5 கிராம் இருக்க வேண்டிய காசு. எழுபதுகளின் காசுகள் மொத்தமாகப் பார்த்தால் சற்று இறங்கியிருந்தன, எண்பதுகளின் கடைசியில் வந்தவை பெரிதாக அசையவில்லை. ஒன்றிரண்டு பழைய காசு மட்டும் முரண்டு பிடித்துப் புதுசு மாதிரி நின்றன. எந்தப் பானையில் தூங்கினவோ. இதெல்லாம் அறிவியல் ஆகாது, கையில் இருந்தது அறுபது எழுபது காசு. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் அவருடைய கட்டுரைகள் எனக்குப் படிக்கிற மாதிரி ஆயின.

காசுகளை வரிசைப்படுத்தியாயிற்று. அடுத்த கேள்வி, யார் அடித்தார்கள்? அதற்குப் பழைய நூல்களைப் பார்க்க வேண்டும், அதற்குச் சமஸ்கிருதம் ஒழுங்காகத் தெரிய வேண்டும். பாலி, சமஸ்கிருதம் எல்லாம் வீட்டிலேயே இருந்தாலும் முறையாகப் படித்ததில்லை. ஒரு நூலை எடுத்து ஆழமாகப் படிப்போம் என்று பழைய சமஸ்கிருதக் கவி பர்த்ருஹரியின் பாடல்களை எடுத்தார். அச்சில் இருந்த பதிப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சரி, சுவடிகளைப் பார்ப்போம். அப்படியே நூற்றுக்கணக்கான சுவடிகளுக்குள் இறங்கி, 1948இல் பர்த்ருஹரிக்கு ஒரு செம்பதிப்பைக் கொண்டுவந்தார். எது மூலப்பாட்டு, எது பிற்பாடு ஒட்டிக்கொண்டது என்று பிரித்ததும் ஒரு வகையில் தேய்மானக் கணக்குத்தான். சுவடியும் கைமாறக் கைமாற மாறும்.

பிறகு வி.வி. கோகலேயோடு சேர்ந்து, வித்யாகரர் தொகுத்த பழைய சமஸ்கிருதப் பாடல் திரட்டைப் பதிப்பித்தார். ஹார்வர்டு அதை 1957இல் வெளியிட்டது. முன்னுரையில் கோசாம்பி அந்தக் கவிகள் யாருடைய சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு பாடினார்கள் என்ற கேள்வியைக் கேட்டுவைத்தார். அந்த நூல் வரிசையின் பதிப்பாசிரியர் டேனியல் இங்கால்ஸ் அந்தக் கருத்தை ஏற்கவில்லை. ஏற்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டு அதை அப்படியே அச்சிட்டார். இந்த மாதிரிப் பெருந்தன்மை இப்போது அரிது. இங்கால்ஸ் இடத்தில் இருந்திருந்தால் கோசாம்பி இதைச் செய்திருப்பாரா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

நான் வேலைக்காகப் புனேயில் ஐந்து வருடம் இருந்தேன். ஞாயிறு காலையில் வேதாள் டேக்டி என்கிற குன்றில் ஏறுவது வழக்கம். அந்தக் குன்றைச் சுற்றித்தான் கோசாம்பி இரும்புப் பூண் போட்ட கைத்தடியோடு நடந்திருக்கிறார். புனேயைச் சுற்றி நூற்றுக்கணக்கான இடங்களில் நகக்கண் அளவு கல்லாயுதங்களைப் பொறுக்கியிருக்கிறார், அகேட்டிலும் சால்செடனியிலும் செய்த சின்னஞ்சிறு கத்திகள். நானும் ஆசையாக ஒரு நாள் பை நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்து, தொல்லியல் படித்த ஒருவரிடம் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இது ஜல்லி. இதுவும் ஜல்லி. இது பாத்ரூம் டைல்" என்றார்.

கல்லாயுதம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் எழுதிய இன்னொன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. வயல் ஓரத்தில், பாதை பிரியும் இடத்தில், செந்தூரம் அப்பிய ஒரு கல். ஏதாவது ஒரு அம்மன் பெயர், தெரியாவிட்டால் வெறுமே ஆயி. ஊருக்குள் பெரிய கோயில் இருக்க, இவள் மட்டும் ஏன் ஊருக்கு வெளியே, ஒன்றுமில்லாத நாற்சந்தியில் நிற்கிறாள்? கோசாம்பியின் பதில்: இன்றைய ஊர்தான் புதிது. விவசாயம் வருவதற்கு முன்பு ஆடுமாடு மேய்த்தும் வேட்டையாடியும் அலைந்த கூட்டங்கள் சந்தித்துக்கொண்ட தடங்கள் அங்கே குறுக்கிட்டன. கூட்டம் போய்விட்டது, அம்மன் அங்கேயே நின்றுவிட்டாள். அதே இடங்களில் கல்லாயுதங்களும் கிடைத்தன என்பது அவருடைய சாட்சி. எல்லை அம்மனையும் பிடாரியையும் பார்த்து வளர்ந்த நமக்கு இதைக் கேட்டதும் ஒரு திடுக்கிடல் வரும்.

பண்டரிபுர யாத்திரையைப் பற்றியும் இப்படித்தான் கேட்டார். ஆஷாட மாத (நமக்கு ஆனி-ஆடி) ஏகாதசிக்குப் போய்ச் சேர வேண்டிய யாத்திரை. மழை பிடித்து விதைக்க வேண்டிய நேரத்தில், வயலைப் போட்டுவிட்டு விவசாயி ஏன் நடக்கிறான்? விவசாயி உண்டாக்கிய வழக்கமாக இருந்தால் இந்த மாதத்தில் வைத்திருப்பானா? மழைக்காலத்தில் மலையோரத்தை விட்டுக் கிழக்கே வறண்ட பக்கம் நகர்ந்த மேய்ச்சல் கூட்டங்களின் பழைய தடத்தின் மேல்தான் பக்தி பிற்பாடு நடந்தது என்றார். இதை முழுக்க ஏற்காதவர்கள் உண்டு. ஆனால் கேள்வி எவ்வளவு எளிதானது பாருங்கள். ஆயிரம் பேர் பண்டரிபுரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், எந்த மாதம், வயலில் என்ன வேலை என்று கேட்க ஒரு கணக்கு வாத்தியார் வர வேண்டியிருந்தது.

புனேக்கும் மும்பைக்கும் நடுவில் இருக்கும் கார்லாவுக்கும் போனேன். குகைக்குள் அந்தப் பெரிய புத்த சைத்தியம், தூண்களில் தானம் கொடுத்த வணிகர்களின் பெயர்கள், சிலர் யவனர்கள். வாசலிலேயே ஏகவீரா தேவி கோயில். மீனவர்களான கோலி மக்கள் மும்பையிலிருந்து கோழியும் பூவுமாக வந்து வரிசையில் நிற்கிறார்கள். குகைக்கு வருபவர்கள் கோயிலைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள், கோயிலுக்கு வருபவர்கள் குகையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கோசாம்பிக்கு இரண்டும் ஒரே சரக்கு: கடற்கரையிலிருந்து தக்காணத்துக்கு ஏறும் கணவாய், அதில் போகும் வணிகச் சாத்து, தங்க இடம் கொடுத்த பிக்குகள், அவர்களுக்கும் முன்பே அங்கே இருந்த ஒரு தாய்.

இதெல்லாம் சேர்ந்துதான் 1956இல் இந்திய வரலாற்று ஆய்வுக்கான அவருடைய அறிமுக நூலாக வந்தது. எந்த அரசன் எப்போது ஆண்டான் என்பதைவிட, அந்தக் காலத்து மக்களிடம் கலப்பை இருந்ததா என்பது முக்கியம் என்று அதில் சொன்னார். அந்த ஒரு திருப்பம் போதும். அவருக்குப் பின் இந்திய வரலாறு எழுதிய ஒரு தலைமுறையே அந்தப் பக்கம் திரும்பியது.

அரசியலிலும் அவர் யாருக்கும் வசதியான ஆளாக இருக்கவில்லை. மார்க்சியர்தான். ஆனால் கம்யூனிஸ்ட் தலைவர் டாங்கே 1949இல் பண்டைய இந்தியாவைப் பற்றி எழுதிய நூலை அவர் உரித்த உரிப்பு, எதிராளிகள்கூடச் செய்யாதது. மார்க்சியத்தை வைத்துக்கொண்டு யோசிக்காமல் இருந்துவிட முடியாது என்பது அவர் வாதம். கட்சியின் அதிகாரபூர்வ மார்க்சியர்களுக்கு ஆங்கில முதலெழுத்துகளால் ஓ.எம். என்று பெயர் வைத்தார். சேர்த்துப் படித்தால் ஓம். நேருவின் இந்தியா பற்றிய நூலுக்கு 1946இல் எழுதிய மதிப்புரையிலும் மரியாதை குறையாமல் குத்தினார்: எந்த வர்க்கம் ஆட்சிக்கு வரப் போகிறது என்ற கேள்வியை ஆசிரியர் கேட்கவே இல்லை என்று. தன் கட்டுரைத் தொகுப்பு ஒன்றுக்கு எரிச்சலூட்டும் கட்டுரைகள் என்று அவரே தலைப்பு வைத்துக்கொண்டார். வாசகருக்கு நியாயமான எச்சரிக்கை.

எரிச்சலின் உச்சம் அணுசக்தி. 1946இல் ஹோமி பாபா அவரை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கூப்பிட்டார். கோசாம்பி புனேயிலேயே வீட்டை வைத்துக்கொண்டு டெக்கான் குயீன் ரயிலில் பம்பாய் போய்வந்தார். பாபாதான் நாட்டின் அணுசக்தித் திட்டத்துக்கும் தலைவர். அப்படிப்பட்ட நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஐம்பதுகளிலேயே, நம் நாட்டுக்கு அணு உலை வேண்டாம், சூரியன் போதும் என்று மேடையிலும் அச்சிலும் சொன்னார். அவர் வாதத்தில் கவிதை கிடையாது, கணக்குத்தான். வெயில் வருடத்தில் பெரும்பாலான நாள் கிடைக்கிறது, நாடு முழுக்கப் பரவி விழுகிறது, கிராமத்தில் விழுவதைக் கிராமத்திலேயே பிடித்துக்கொள்ளலாம்; அணு உலைக்குச் சொல்லப்படும் செலவில் மறைந்திருக்கும் செலவு சேரவில்லை. உலக அமைதி இயக்கத்தில் முன்னணியில் நின்றார், அணுகுண்டை எதிர்த்தார். இன்றைக்கு மொட்டைமாடியில் சூரியத் தகடு வைத்திருப்பவர்கள் எத்தனை பேருக்கு இந்த மனிதரைத் தெரியும்? 1962இல் நிறுவனம் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.

அதற்கு அணுசக்தி மட்டும் காரணம் என்று அவருடைய ரசிகர்கள் எழுதுவார்கள். இங்கேதான் தராசு விஷயம் வருகிறது. 1959இல் அவர் வேளாண் புள்ளியியல் இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ரீமான் கருதுகோளை நிறுவிவிட்டதாக அதில் இருந்தது. கணிதத்தில் இதைவிடப் பெரிய பூட்டு கிடையாது, இன்று வரை திறக்கவில்லை. பகா எண்களை நிகழ்தகவு வழியில் அணுகலாம் என்ற அவருடைய உள்ளுணர்வு மோசமானதல்ல. ஆனால் நிரூபணம் நிற்கவில்லை. போட்ட இடமும் எண் கோட்பாட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்காத இதழ். கணித உலகம் சிரித்தது. முப்பது வருடம் சம்பாதித்த பெயர் ஒரே கட்டுரையில் தேய்ந்தது. பிற்பாடு பகா எண்களைப் பற்றிச் சில கட்டுரைகளை எஸ். டுக்ரே என்ற புனைபெயரில் எழுதினார். அந்தப் புனைபெயர் எனக்கு ரொம்ப வருத்தம் தருகிற விஷயம். அலிகாரில் போர்பாக்கி என்று இல்லாத ஆளை வைத்து விளையாடிய அதே மனிதர், இப்போது தன் பெயரை ஒளிக்க ஒரு பெயர் தேடுகிறார்.

கலப்பையிலும் சறுக்கினார். சிந்துவெளி மக்களுக்குக் கலப்பை தெரியாது, ஆற்று வெள்ளம் வடிந்த மண்ணைப் பரம்பு மாதிரி ஒன்றால் கீறித்தான் விதைத்தார்கள் என்று உறுதியாக எழுதினார். அறுபதுகளின் இறுதியில் ராஜஸ்தானின் காலிபங்கனில் தோண்டியபோது, ஹரப்பா நகரத்துக்கும் முந்தைய காலத்து உழவு வயல் ஒன்று சால் சாலாக வெளிப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1966 ஜூன் 29 அதிகாலை தூக்கத்திலேயே போய்விட்டார், 59 முடிய ஒரு மாதம் இருந்தது. பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார்? திட்டிவிட்டு மாற்றி எழுதியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். வயல், கல், காசு இவற்றிடம் அவர் தோற்கத் தயாராகவே இருந்தார். மனிதர்களிடம்தான் முடியாது.

தமிழ் வாசகனாக எனக்கு இன்னொரு குறை. தெற்கைப் பற்றி அவர் எழுதியது மிகவும் குறைவு. எழுதிய கொஞ்சமும் தூரத்திலிருந்து பார்த்த மாதிரி இருக்கும். சங்கப் பாடல்களின் திணைகளைக் கையில் கொடுத்திருந்தால், மேய்ச்சல் நிலம், உழவு நிலம், நெய்தல் எல்லாம் ஏற்கனவே பிரித்து வைத்திருப்பதைப் பார்த்து அந்த மனிதர் என்ன துள்ளு துள்ளியிருப்பார்! போடிநாயக்கனூரில் கிடைத்த முத்திரைக் காசுப் புதையலில் பின்பக்கம் பாண்டியரின் மீன் இருக்கிறது. 2021இல் கீழடியில் ஒரு வெள்ளி முத்திரைக் காசு கிடைத்த செய்தி வந்தபோது எல்லோரும் சின்னங்களைப் பற்றிப் பேசினார்கள். நான் எடை போட்டிருக்கிறார்களா என்று தேடினேன். இந்த வியாதிக்கு அவர்தான் பொறுப்பு.

தாத்தா போய்ப் பல வருடம் ஆகிறது. பட்டறையை மாமா விற்றுவிட்டார், தராசு எங்கே போனதென்று தெரியாது. குன்றிமணி டப்பா மட்டும் பாட்டியின் அலமாரியில் கற்பூரத்தோடு கிடந்தது, கேட்டதும் கொடுத்துவிட்டார். போன மாதம் ஒரு ராத்திரி அதிலிருந்து 32 குன்றிமணி எண்ணி மின்தராசில் வைத்தேன். 3.87 கிராம். தட்சசீலக் காசைவிடக் கொஞ்சம் அதிகம். இரண்டில் பூச்சி துளைத்த ஓட்டை இருந்தது, அவற்றை மாற்றினேன், 3.91 ஆனது. எல்லாவற்றையும் திரும்ப டப்பாவில் கொட்டிக் குலுக்கி, வேறு 32 எடுத்து வைத்தேன். 3.79. பாட்டி கட்டிலிலிருந்து, "இந்நேரத்துல என்னத்தடா நிறுக்கற?" என்றார். காசு என்றேன். "காசை எண்ணுவாங்க, நிறுக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் மூன்றாவது முறையாக எண்ண ஆரம்பித்தேன்.